சுவரில் ஈரம் என்று சொன்னவர்

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு பெய்த மழை நின்றிருந்தது; கூரைத் தகரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறரைக்குப் பிள்ளைக்காம்பராவைத் திறந்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பன்னிரண்டு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. பாய்களை உதறி விரித்தேன். தொட்டில் சேலைகளை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டினேன். மேலே ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக வரும் தண்ணீர் பீப்பாயில் நிறைந்திருந்தது. அதைப் பெரிய பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். தளதளவென்று கொதித்த பிறகும் இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு இலைக்கஞ்சி. ஏழு மணிக்குத் தாய்மார் வரத் தொடங்கினார்கள். ரப்பர் மரம் ஈரமாக இருந்ததால் அன்று பால்வெட்டு இல்லை. பெண்களைப் புல் வெட்ட அனுப்பியிருந்தார்கள். ஸ்டோர் ஐயாவும் வழக்கம்போலப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய்ச் சீசாவை எடுத்து, பிள்ளையின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை தேய்த்துவிட்டார்.

"கொஞ்சம் சூடு டீச்சரம்மா. அதான் அரிக்குது" என்றார்.

என் டயரியில் அந்த நாளின் காலைப் பகுதி இவ்வளவுதான். மிச்சத்தை அன்றைக்கு எழுதக் கை வரவில்லை. அவரைப் பற்றி எழுதாமல் அந்த நாளை எழுத முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. ரப்பர் தோட்டம். ஃபெக்டரியை இங்கே ஸ்டோர் என்போம். அவர் அதன் பொறுப்பாளராக இருந்தார். ஆகவே ஸ்டோர் ஐயா. ஸ்டோர் மூடிய பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது வரக்காப்பொலையில் அவருடைய தம்பியின் கடை வீட்டில் இருப்பதாகக் கேள்வி. உயரமான மனிதர். பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, கேட்பவர் முன்னால் குனிய வேண்டிய அளவுக்குத் தணிந்த குரலில் பேசுவார். சிங்களம் பேசினாலும் அதே தணிவு. எதைச் சொல்வதற்கு முன்னும் "சாப்டீங்களா?" என்று கேட்பார். வேறு யார் கேட்டாலும் அது உபசாரம். அவர் கேட்டால் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவார்கள்.

காரணம், அவர் எந்தக் கெட்ட செய்தியையும் யாரிடமும் ஒரேயடியாகச் சொன்னதில்லை.

என் கணவர் மாவனல்லையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை முதலாளி தோட்டத்து ஆபீசுக்கு போன் எடுத்தார். செய்தியை என்னிடம் கொண்டுவரும் வேலை ஸ்டோர் ஐயாவுக்கு வந்தது. அந்த மாதிரி வேலைகள் எப்போதும் அவருக்குத்தான் வரும். நான் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்றார்.

"ஊட்டி முடிங்க டீச்சரம்மா. அவசரமில்ல."

கடைசிப் பிள்ளைக்கு வாய் துடைக்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்.

"அவருக்குக் கொஞ்சம் மேலுக்கு முடியலையாம். கேகாலை ஆஸ்பத்திரில காட்டிருக்காங்களாம். நீங்க ரெண்டு வாய் சாப்டுட்டு வாங்க. நானும் கூட வாறேன்."

நான் சாப்பிட்டேன். கரவனல்லையில் பஸ் மாறும்போது எனக்கு ஒரு பனிஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகு, "கொஞ்சம் கூடிருச்சாம்" என்றார். ருவன்வெல்ல தாண்டியதும், "டாக்டர்மார் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்களாம். நம்ம கையில என்னாங்க இருக்கு" என்றார். கேகாலை டவுனுக்குள் பஸ் நுழைந்தபோது என் மடியிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் அந்தப் பையை வாங்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பல வருடம் அதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். நான் அந்தப் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக விதவையானேன். ஒரே நொடியில் ஆகியிருந்தால் பிள்ளைகளின் சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே விழுந்திருப்பேன்.

இது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கு அப்பா இறந்த செய்தி சொல்ல போன் எடுத்தால், எங்கள் தோட்டங்களில் யாரும் "செத்துட்டாரு" என்று சொல்ல மாட்டார்கள். "சீரியஸ், ஒடனே வா" என்பார்கள். வருகிறவனும் அவிசாவளை தாண்டும்போது புரிந்துகொள்வான். வீட்டு வாசலில் பந்தல் தெரியும்போது அழத் தயாராக இருப்பான். எல்லாரும் செய்வதைத்தான் அவர் செய்தார். மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்.

அதனால் அவரை வைத்துக் கேலியும் உண்டு. வெயில் காலத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒருநாள் லயத்துப் பக்கம் வந்தார். பால்வெட்டுக் கங்காணி ராமையா வழியை மறித்தார்.

"ஐயா, எங்க லயத்துக்கு வாறதா இருந்தா இப்படிக் குடையோட, சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வராதீங்க. எம் பொண்டாட்டி தூரத்துல பாத்துட்டே தலைமுடிய அவுத்துப் போட்டுட்டா."

"வெயிலுக்குத்தான் ராமையா பிடிச்சேன்."

"வெயிலுக்குன்னா சரிங்க. எந்த வீட்டு வெயிலுன்னு மட்டும் சொல்லிருங்க."

அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு அவர் உண்மையிலேயே சும்மாதான் வந்திருந்தார்.

லெட்சுமியின் மகள் பதினோராம் வகுப்பு முடித்து ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம். முடிவை ஸ்டோர் ஐயாதான் தன் போனில் பார்த்தார். லெட்சுமி பால்வெட்டுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். அவளிடம் போய், "இந்தத் தடவை கணக்குப் பேப்பர் நாடு முழுக்கக் கஷ்டமாம் லெட்சுமி" என்றார்.

லெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப எம் மக பெயிலு. நாட்டோட சேந்து பெயிலு. அதைத்தான ஐயா சொல்ல வந்தீங்க?"

"ஒரு பாடந்தான்."

"ஒரு பாடம்னு நீங்க சொன்னா மூணாச்சும் இருக்கும்."

மூன்றுதான்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரிப்பு வராத விஷயம் ஒன்றும் நடந்தது. ஸ்டோரை மூடப்போகிறார்கள் என்பது அவருக்குப் பல மாதம் முன்னாலேயே தெரியும். மெஷின்கள் நின்றபோது, "ஒரு சாமான் வரணும், வந்தா ஓடும்" என்றார். என் தம்பி அங்கேதான் வேலை செய்தான். இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவனை வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். ஐயா சொன்னதை நம்பிப் போகாமல் இருந்துவிட்டான். கடைசியில் லொறி வந்து மெஷின்களை ஏற்றியது. தம்பி கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சர்வீசுக்குக் கொண்டுபோறாங்க" என்றார் ஐயா.

"சுவத்துல இருந்த வயரையும் பிடுங்கிப் போட்டிருக்காங்களே ஐயா. அதுவும் சர்வீசுக்கா?"

அவர் தம்பியின் தோளில் கை வைத்தார். இரத்தினபுரி வேலைக்கு அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். தம்பி சந்தையில் மூட்டை தூக்கப் போனான். ஆனால் அவர்மேல் யாருக்கும் கோபம் நிலைக்கவில்லை. "மனசு கேக்காம சொல்லாம இருந்துட்டாரு" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

ஸ்டோர் மூடிய பிறகு அங்கே வேலை செய்த எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் தங்கினார். காரணம் ஸ்டோருக்குப் பின்னால், எங்கள் குழாய் தொடங்கும் இடத்துக்கு மேலே, ஓடைப்பக்கம் இருந்த மூன்று தொட்டிகள். மரத்துப் பாலை உறையாமல் வைக்க அமோனியா, மிச்சப் பாலை உறையவைக்க அசிட் என்று பல வருடம் ஊற்றிக் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தத் தொட்டிகளில்தான் நின்றது. நாங்கள் நாத்தத் தொட்டி என்போம். மெஷினை லொறியில் ஏற்றலாம், அந்தத் தண்ணீரை ஏற்ற முடியாது. சுத்தம் செய்து முடிக்கும்வரை அதை அங்கேயே காவல் காக்க வேண்டும். சுண்ணாம்பு போட வேண்டும். மழையில் நிறைந்தால் ஒரு தொட்டியிலிருந்து மற்றதுக்குப் பம்ப் பண்ண வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொழும்பிலிருந்த கம்பெனிக்கு போன் எடுத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. பம்ப், சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பொங்கலன்றுகூடத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார். போனும் ஒரு திங்கள் தவறியதில்லை.

அந்த 2023ஆம் வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த சில நாளில் என்னிடம் வந்தார். "மழை தொடங்கினா தண்ணி கொஞ்சம் கலங்கும் டீச்சரம்மா. பயப்பட ஒண்ணுமில்ல." மழைக்காலத்தில் கலங்குவது வழக்கம்தான். தண்ணீரைத் துணியில் அரித்து எடுத்தேன். வைகாசியில், "பிள்ளைங்களுக்குக் கொதிக்க வச்சே குடுங்க" என்றார். முன்பும் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். அவர் சொன்ன பிறகு இன்னும் அதிக நேரம் அடுப்பில் விட்டேன். எதையும் சொன்னதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வது என் பழக்கம்.

பிள்ளைகளுக்கு உதட்டோரம் வெடித்தது. இரண்டு மூன்று பேருக்கு அடிக்கடி வயிற்றுவலி. கையில், கழுத்தில் அரிப்பு. கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள்.

ஜூன் 14 அன்று பத்து மணி இருக்கும். தண்ணீர், காற்று கெடாமல் பார்க்கும் சுற்றாடல் அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களப் பெண், வயது முப்பதுக்குள். ஓடை கீழே போய்ச் சேரும் சிங்களக் கிராமத்தில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. அங்கிருந்து முறைப்பாடு போயிருக்கிறது. அந்த மிஸ் ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, வழியில் எங்கள் குழாயைப் பார்த்து, அது எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிட்டார். செருப்பெல்லாம் சேறு. உள்ளே வந்ததும் தொட்டில்களைப் பார்த்தார். பிறகு பீப்பாயைப் பார்த்தார்.

"இதைக் குடிக்கிறார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துப் பீப்பாய்த் தண்ணீரில் நனைத்தார். மஞ்சளாக இருந்தது சிவப்பாக மாறியது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்திருந்த பானையில் இன்னொன்றை நனைத்தார். அது முதலாவதைவிட அதிகமாகச் சிவந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

"கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும் அக்கா. அசிட் குறையாது."

என்னால் அடுப்பைப் பார்க்க முடியவில்லை. பானையைப் பார்க்க முடியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. அந்தச் சத்தத்துக்கு நான் திடுக்கிட்டேன்.

"இந்தத் தண்ணீரில் கைகூடக் கழுவ வேண்டாம்" என்றார். "தொட்டி பார்க்கிறவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா? ஏப்ரலிலேயே சுவரில் ஈரம் என்று சொன்னாராம். வழியில் கம்பெனிக்குப் போன் எடுத்தேன், அவர்கள் சொன்னார்கள்."

"கலங்கும் என்று சொன்னார்" என்றேன். "கொதிக்க வைக்கச் சொன்னார்."

மிஸ் என்னை நம்பாதவர்போலப் பார்த்தார். போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் பார்த்த பிறகுதான் எழுத்தில் உத்தரவு வரும், அதுவரை நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொட்டிகளைப் பார்க்கப் போனார். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஒரு முச்சக்கர வண்டியில் இறங்கிப் போனார்.

உதவிக்கு இருந்த அக்காவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு சொட்டும் கொடுக்காதே என்று சொல்லி, நான் ஸ்டோருக்குப் போனேன். அவர் மூன்றாவது தொட்டியின் அடியில் நின்று மண் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. சுவரின் கீழ் மூலை வெடித்திருந்தது. என் கை நுழையும் அளவு வெடிப்பு. அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் நூலாக அல்ல, கயிறாக இறங்கி ஓடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இதுதான் ஈரமாங்க ஐயா?"

அவர் நிமிர்ந்தார். தலையைச் சாய்த்து, அதே தணிந்த குரலில் சொன்னார்.

"மழைக்குக் கொஞ்சம் கூடிருச்சி."

கரவனல்லையில் பிளேன்டீ குடித்து முடித்தபோது கேட்ட அதே வார்த்தை. அதே மாதிரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"சித்திரைப் புத்தாண்டு முடிஞ்சதுல இருந்து."

"ரெண்டு மாசமா எங்களுக்கு ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தானே வந்தேன் டீச்சரம்மா." அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "முதல்ல கலங்கும்னு சொன்னேன். அது உங்களுக்குப் பழகிருச்சி. பிறகு கொதிக்க வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் வேற தண்ணி எடுக்கச் சொல்லலாம்னு இருந்தேன். ஒரேயடியா சொன்னா லயமே பதறிப் போகும்ல?"

"கம்பெனிக்கு?"

"அவங்களுக்கும் அப்படித்தான். முதல்ல சுவத்துல ஈரம்னேன். பிறகு வேர்க்குதுன்னேன். போன திங்கள் சொட்டுதுன்னு சொல்லிட்டேன்."

அந்தச் 'சொல்லிட்டேன்' என்ற சொல்லில் ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி இருந்தது.

"வெடிச்சிருக்குன்னு எப்ப சொல்ல இருந்தீங்க?"

"வாற திங்கள்."

இன்னும் ஐந்து நாள் என்று எண்ணினேன். பிறகு கேட்டேன்.

"உங்க பேத்தியும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது?"

"தெரியும்மா."

"மககிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"அது பயந்த சுபாவம்."

அவர் மறுபடி குனிந்து ஒரு மூட்டையைச் சரிசெய்தார். கைகள் இரண்டும் கொப்புளம். அவர் சோம்பேறி இல்லை, தனக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டவரும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குத் திட்டத் தெரிந்திருக்கும். என் கணவரின் சாவை அவர் பஸ் தரிப்பிடம் தரிப்பிடமாகச் சொன்னபோது, கேகாலையில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அதற்கு மேல் கெட ஒன்றுமில்லை. இந்தச் சுவர் அப்படியில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்த ஒவ்வொரு வாரமும் அது பிளந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பிளந்துகொண்டிருந்த சுவருக்குக் கீழே நின்றுகொண்டு, அதை ஒரு சாவுச் செய்தி மாதிரி அவர் எங்களிடம் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

பிற்பகல் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள். நான் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நாத்தத் தொட்டி வெடித்து அசிட் தண்ணீர் ஓடையில் கலக்கிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூடாது.

லெட்சுமிதான் முதலில் பேசினாள். தங்கச்சி பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"ஸ்டோர் ஐயா ஒண்ணும் சொல்லலையே டீச்சர்."

"அவரைக் கேட்டுருவோம்" என்றாள் இன்னொருத்தி.

ஆள் அனுப்பினார்கள். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெண்களைப் பார்த்து, "வேலை முடிஞ்சு நேரா வாறீங்களா? சாப்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே லெட்சுமியின் முகம் மாறியது.

"ஐயா, சுத்தி வளைக்காதீங்க. குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா? ஒரு வார்த்தை."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் முயற்சி செய்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கொஞ்ச நாளைக்குக் குறைச்சுக் குடிச்சா நல்லதுங்க" என்றார்.

"குறைச்சு இல்ல. ஒரு சொட்டும் கூடாது" என்று நான் கத்தினேன். நான் கத்தி அவர்கள் கேட்டதில்லை. தொட்டிலில் இருந்த ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

அந்த நேரம் அவர் மகள் வந்தாள். அவிசாவளையில் சட்டை தைக்கும் கார்மெண்டில் வேலை. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து, என்ன என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்து, எண்ணெயில் மினுமினுத்தது.

"அப்பா" என்றாள். "தினம் எண்ணெ தேச்சி விட்டீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் பாதைக்கு இறங்கினாள், ஆஸ்பத்திரிக்கு. அவர் இரண்டு அடி பின்னால் போனார். அவள் திரும்பாமலே, "வராதீங்க" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

லெட்சுமி வீட்டுக்குப் போய்க் குடங்களைக் கவிழ்த்தாள். வேறு சிலரும் கவிழ்த்தார்கள். எல்லாரும் இல்லை. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரோட்டைக் கடந்து சிங்களக் கிராமத்துக் கிணற்றுக்கு இறங்கிப் போய் ஏற வேண்டும். மழை வேறு மறுபடி பிடித்துக்கொண்டது. நான் அந்தி மசங்கும் நேரத்தில் லயம் வழியாகப் போனபோது, குழாயடியில் இரண்டு வாளிகள் நிறைந்துகொண்டிருந்தன.

"குறைச்சுக் குடிக்கலாம்னுதானே ஐயா சொன்னாரு" என்றாள் வாளிக்காரி. "உங்க மாதிரி பயமுறுத்தலையே."

நான் வாளிகளைக் கொட்டினேன். அவள் சண்டைக்கு வந்தாள். கடைசி வீட்டு வாசலில் பிள்ளைக்காம்பராப் பிள்ளை ஒன்று தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பிடுங்கினால் உள்ளே அடுப்பில் இன்னொரு கேத்தல் இருக்கும். எத்தனை வீட்டில் எத்தனை கேத்தல். நான் சொன்ன உண்மையைவிட அவர் சொன்ன 'குறைச்சு' அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவர் சொல்லி யாரும் கெட்டுப்போனதில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அன்று காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்ததும், லயத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதற்கு முன், சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடையில் குழாய் தொடங்கும் இடத்துக்கு ஏறினேன். அவர் எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முதல்நாள் சட்டைதான். என் கையில் கத்தியைப் பார்த்தார்.

குழாய் தடிப்பு. ஈரத்தில் கைக்கு அகப்படாமல் வழுக்கியது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உருண்டது. அவர் எழுந்து வந்தார். எதிரே குந்தி, கொப்புளம் உடைந்த இரண்டு கைகளாலும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது கத்தி ஏறியது.

"டேங்க் கழுவுறாங்க, ரெண்டு நாளைக்குத் தண்ணி வராதுன்னு சொல்லிருவோமா டீச்சரம்மா?" என்றார், குழாயைப் பார்த்தபடி. "அப்புறமா மெதுவா..."

"இல்லைங்க ஐயா" என்றேன்.

அவர் பிடியை விடவில்லை. குழாய் அறுந்து, தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. இருவரும் கால்களை இழுத்துக்கொண்டோம். கீழே லயத்தில் ஒரு பெண் குரல், தண்ணி நின்னுருச்சி, யாராச்சும் போய்ப் பாருங்க என்றது. நான் இறங்கிப் போய் முதல் கதவைத் தட்டி, குழாயை வெட்டியது நான்தான் என்றும், ஏன் வெட்டினேன் என்றும் சொன்னேன். அவர் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.